நடுத்தரப் படகுக்கு நல்ல டிரெய்லர்: எடை மேடையிலிருந்து பேரிங் வரை

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு மெல்பர்னின் பேட்டர்சன் ஆற்றுப் படகுத்துறைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்னாப்பர் மீன் பருவம். படகுகள் வரிசை கட்டி நிற்கும். சிலர் வந்த வேகத்தில் பின்னால் போய், படகை இறக்கிவிட்டு, மூன்று நிமிடத்தில் காரை நிறுத்தப் போய்விடுவார்கள். வேறு சிலர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டும், படகை டிரெய்லர்மேல் இழுத்தேற்றும் வின்ச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டும் இருப்பார்கள். இரண்டு பேரிடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி படகுதான் இருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் அடியில் இருக்கும் டிரெய்லரில்.

படகு வாங்கப் போனால் மோட்டாரைப் பார்க்கிறோம், சோனாரைப் பார்க்கிறோம், இருக்கை மெத்தையைக்கூட அழுத்திப் பார்க்கிறோம். டிரெய்லர் மட்டும் 'கூடவே வருவதுதானே' என்று விட்டுவிடுகிறோம். நம் ஊர்க் கடற்கரையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃபைபர் படகை நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளியோ, டிராக்டர் கட்டி இழுத்தோ மணலில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் படகு வீட்டு வாசலில் நிற்கும். கடல் 60, 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். படகு தண்ணீரில் மிதக்கும் நேரத்தைவிட டிரெய்லர்மேல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

நடுத்தரப் படகு என்று நான் சொல்வது 5 முதல் 6.5 மீட்டர் நீளமும், 90 முதல் 150 குதிரைத்திறன் வெளிப்புற மோட்டாரும் உள்ள படகுகளை. கீழே வரும் விதிகள் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. மற்ற நாடுகளில் எண்கள் மாறும். பார்க்க வேண்டிய இடங்கள் மாறாது.

படி 1: உண்மையான எடையைக் கண்டுபிடியுங்கள்

எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. விளம்பரத் தாளில் 'படகின் எடை 750 கிலோ' என்று இருந்தால், அது வெறும் கூட்டின் எடை. மோட்டார் சேராது, பெட்ரோல் சேராது, நீங்கள் ஏற்றும் எதுவும் சேராது. ஒரு 5.5 மீட்டர் அலுமினியப் படகை எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்போம்.

கூடு 750 கிலோ. 115 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறத்தாழ 175. பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்; 150 லிட்டர் நிரப்பினால் 111 கிலோ. இரண்டு பேட்டரி 45. ஐஸ் பெட்டியும் ஐஸும் 40. நங்கூரமும் சங்கிலியும் 18. உயிர்காப்பு உடை, தீயணைப்பான் போன்ற பாதுகாப்புச் சாமான்கள் 15. குடிதண்ணீர் 20. தூண்டில், பெட்டி, சோனார் எல்லாம் சேர்த்து 25. ஆக மொத்தம் 1,199 கிலோ. 750 என்று நினைத்த படகு, டிரெய்லர் கணக்கில் 1,200 ஆகிவிட்டது. டிரெய்லரின் சொந்த எடை 480 என்று வைத்தால் 1,680.

நான் முதலில் வாங்கிய பழைய படகோடு வந்த டிரெய்லரின் தகட்டில் 1,400 என்று இருந்தது. 'இந்தப் படகுக்கென்றே கொடுத்தது' என்று விற்றவர் சொன்னார். நான் நம்பிவிட்டேன். ஓர் ஆண்டு கழித்து, வழியில் இருந்த பொது எடை மேடையில் ஒருநாள் சும்மா ஏற்றிப் பார்த்தேன். 1,540 காட்டியது. ஒரு வருடமாக 140 கிலோ கூடுதல் சுமையோடு, குழந்தைகளையும் காரில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. பழைய படகு வாங்கினால், முதல் வாரத்திலேயே பெட்ரோல் நிரப்பி, சாமான் ஏற்றி, எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். வேறு எந்தச் செலவும் இவ்வளவு நிம்மதி தராது.

வந்த எண்ணோடு குறைந்தது 15 விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். 1,680 என்றால் 1,930. அப்போது உங்களுக்குத் தேவை 2 டன் வகை டிரெய்லர்.

படி 2: தகட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு டிரெய்லரின் சட்டத்திலும், பெரும்பாலும் முன்பக்கத் தண்டில், ஓர் உலோகத் தகடு இருக்கும். அதில் மூன்று சொற்கள் முக்கியம்.

டேர் என்பது காலியான டிரெய்லரின் எடை. ஏடிஎம் என்பது காரிலிருந்து கழற்றி நிற்கவைத்த நிலையில் டிரெய்லரும் சுமையும் சேர்ந்து இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. ஜிடிஎம் என்பது காரில் மாட்டிய பிறகு டிரெய்லரின் சக்கரங்கள்மேல் மட்டும் விழலாம் என்ற எடை. ஏடிஎம்முக்கும் ஜிடிஎம்முக்கும் உள்ள வித்தியாசம், முன்பக்கக் கொக்கி வழியாகக் காரின்மேல் இறங்கும் பால் வெயிட்.

ஏடிஎம்மிலிருந்து டேரைக் கழித்தால், நீங்கள் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும். 2 டன் டிரெய்லர் என்று சொல்லி விற்றாலும், அதன் டேர் 550 என்றால் சுமக்கப்போவது 1,450தான். கடையில் நின்று இந்தக் கழித்தலைப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தகடு இல்லாத, அல்லது எழுத்து அழிந்துபோன டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 3: காரின் வரம்பு

காரின் கையேட்டில் உள்ள இழுவைத் திறன், பின்னால் பொருத்திய டோபார் என்னும் இழுவைக் கம்பியின் திறன், அதன் முனையில் டிரெய்லர் கொக்கி உட்காரும் இரும்புப் பந்தின் திறன், டிரெய்லர் கொக்கியின் திறன். இந்த நான்கில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப் வண்டிகளின் பெரும்பாலான நான்கு சக்கர இயக்க டீசல் வகைகள் 3,500 கிலோ வரை இழுக்கும். அங்கே 1,700 கிலோ படகு பிரச்சினை இல்லை. குடும்பக் கார்களில்தான் கவனம் வேண்டும். 2019இல் வந்த ராவ்4 ஹைப்ரிட்டில் நான்கு சக்கர இயக்க வகை 1,500 கிலோ இழுக்கும். இரு சக்கர இயக்க வகைக்கு வெறும் 480. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்தான்.

மொத்த எடை சரியாக இருந்தாலும், பால் வெயிட்டுக்குத் தனி வரம்பு உண்டு. அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பிரேக்

விதி எளிது. ஜிடிஎம் 750 கிலோ வரை, ஒற்றை ஆக்ஸில் (சக்கர அச்சு) டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. 751 முதல் 2,000 வரை, குறைந்தது ஓர் ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். 2,000 தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் வசதி, டிரெய்லர் பிரிந்துபோனால் தானாகப் பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் வைத்திருக்கும் அமைப்பு ஆகிய எல்லாம் வேண்டும். கடையில் 1,990, 1,999 என்று விநோதமான எண்கள் தகட்டில் இருப்பதற்குக் காரணம் இந்தக் கோடுதான்.

2,000க்குக் கீழே பெரும்பாலும் வருவது ஓவர்ரைடு பிரேக். கார் வேகம் குறையும்போது பின்னாலிருக்கும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கியில் உள்ள தண்டை அழுத்திப் பிரேக் பிடிக்க வைக்கும். மின்சாரம் வேண்டாம், காரில் கருவி வேண்டாம். இதில் கேபிள் வகையும் உண்டு, எண்ணெய் அழுத்த வகையும் உண்டு. கேபிள் மலிவு, ஆனால் உப்புத் தண்ணீரில் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் வகையில் பிடிப்பு சீராக இருக்கும். முடிந்தால் அதையே எடுங்கள். டிஸ்க்கும் காலிப்பரும் துருப்பிடிக்காத வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

காரவனில் (கார் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வரும் மின்சார டிரம் பிரேக்கைப் படகு டிரெய்லரில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடல் தண்ணீருக்குள் மூழ்கி எழும் சக்கரத்தில் அந்தக் காந்தச் சுருளுக்கு ஆயுள் குறைவு. 2 டன்னுக்கு மேலே போகிறவர்களுக்கு, மின்சாரக் கட்டளையில் எண்ணெய் அழுத்தம் உண்டாக்கும் அமைப்புதான் சரி. விலை அதிகம்தான். உங்கள் படகு 2 டன்னை ஒட்டி நின்றால், எடையைப் பிடித்து இழுத்துக் கீழே வைப்பதா, மேலே போவதா என்று வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

படி 5: சட்டம் எந்த உலோகம்?

கடலுக்கு வண்ணம் பூசிய இரும்பு வேண்டவே வேண்டாம். ஏரியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். கடல் என்றால் உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்த கால்வனைஸ் இரும்பு, இல்லையென்றால் அலுமினியம்.

முக்கி எடுத்ததற்கும் மேலே தெளித்ததற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். முக்கி எடுத்ததில், குழாயின் உள்பக்கத்திலும் துத்தநாகம் படிந்திருக்கும். பெட்டி வடிவக் குழாயின் முனைத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெளியே இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சரி. வெளியே பளபளப்பு, உள்ளே செம்பழுப்பு என்றால் விலகி வந்துவிடுங்கள். அந்த முனைகள் திறந்திருப்பதும் நல்லதுதான். உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வர வழி வேண்டுமே.

அலுமினியம் இலகு. காரின் இழுவைத் திறன் இறுக்கமாக இருக்கிறவர்களுக்கு இது உண்மையான வரம். ஆனால் அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் உப்புத் தண்ணீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

படி 6: படகின் அடியும் டிரெய்லரும் பொருந்துகிறதா?

இந்த இடத்தில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். எடை சரி, பிரேக் சரி, உலோகம் சரி, ஆனால் படகின் அடி தவறான இடத்தில் உட்கார்ந்தால் மெதுவாகப் படகே கெடும்.

படகைத் தாங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரோலர், இன்னொன்று ஸ்கிட் என்கிற நீளப் பலகை. ரோலரில் படகு உருண்டு இறங்கும். தண்ணீர் குறைவாக இருக்கும்போதும், சரிவு படுத்த மாதிரி இருக்கும் துறையிலும் ரோலர்தான் காப்பாற்றும். சக்கரத்தை அதிகம் நனைக்காமலே இறக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு ரோலரும் படகை ஒரு சின்னப் புள்ளியில்தான் தொடுகிறது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் எடை முழுவதும் சில புள்ளிகளில் குவியும். ஸ்கிட் எடையைப் பரப்பித் தாங்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை ஒட்டிய ஸ்கிட் அலுமினியப் படகுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் படகு மிதக்கும் அளவுக்கு டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும்.

என் தேர்வு இதுதான்: அலுமினியப் படகுக்கு ஸ்கிட், ஓதத்தால் நீர்மட்ட ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ள வெஸ்டர்ன் போர்ட் போன்ற இடத்தில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு நிறைய ரோலர் கொண்ட டிரெய்லர். நடுவே கீலுக்கு (படகு அடியின் நடுத்தண்டு) ரோலரும் பக்கங்களில் ஸ்கிட்டும் உள்ள கலப்பு வகையும் நன்றாகவே வேலை செய்யும்.

எந்த வகையானாலும் ஒரு சோதனையை விடாதீர்கள். படகின் பின்பலகையில்தான் மோட்டார் தொங்குகிறது. மொத்த எடையில் பெரிய பங்கு அங்கேதான். தாங்கும் பலகையோ கடைசி ரோலரோ சரியாக அந்தப் பின்பலகைக்கு நேர் கீழே வரை நீள வேண்டும். படகுக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒரு தடித்த அட்டைத் துண்டைப் பலகைக்கும் படகின் அடிக்கும் நடுவே பின்னாலிருந்து நுழைத்துப் பாருங்கள். நுழையவே கூடாது. 10 சென்டிமீட்டர் உள்ளே போனால், அந்தப் 10 சென்டிமீட்டர் ஃபைபர், மோட்டாரைத் தாங்கியபடி காற்றில் தொங்குகிறது என்று பொருள். சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் அது கீழே வளையும். சில ஆண்டுகளில் தாங்கிய இடத்துக்கு முன்னால் அடி உட்குழிந்துவிடும். அப்படிக் குழிந்த படகு வேகமெடுக்கும்போது மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும், ஸ்டியரிங் அடம்பிடிக்கும். மோட்டார்க்காரரிடம் போனால் புரொப்பெல்லரை மாற்றச் சொல்வார். நோய் இருப்பதோ டிரெய்லரில்.

பக்க ரோலர்கள், அடியின் உள்ளே நீளவாக்கில் ஓடும் பலப்படுத்தும் விலா எலும்புகளுக்கு நேர் கீழே அமர வேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட மெல்லிய தகட்டில் அமரக் கூடாது. அது எங்கே என்று படகு கட்டியவரிடம் கேட்டால் சொல்வார்கள்.

அகலம் பற்றி ஒரு வரி: சாலையில் 2.5 மீட்டர்தான் எல்லை. அதற்குள் படகும் சக்கர மூடிகளும் அடங்க வேண்டும்.

படி 7: ஆக்ஸில், டயர், பேரிங்

1,500 கிலோவுக்குள் ஒற்றை ஆக்ஸில் போதும். வீட்டு வாசலில் கையால் திருப்பலாம், டயர் இரண்டுதான், பராமரிப்பும் பாதிதான். அதற்கு மேலே, குறிப்பாக நூறு கிலோமீட்டர் தாண்டிப் போகிறவர்கள், இரட்டை ஆக்ஸில் எடுங்கள். சாலையில் அசையாமல் ஓடும். ஒரு டயர் வெடித்தாலும் ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள சுமை எண்ணைப் பாருங்கள். நம் 1,680 கிலோ படகை ஒற்றை ஆக்ஸிலில் வைத்தால், பால் வெயிட் 150 போக, ஒரு டயருக்கு 765 கிலோ வரும். 97 என்ற எண் 730 கிலோதான் தாங்கும், போதாது. 104 என்றால் 900. டயரின் வயதைச் சொல்லும் நான்கு இலக்கமும் அங்கேயே இருக்கும். 1719 என்றால் 2019ஆம் ஆண்டின் 17ஆவது வாரம். படகு டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது. நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்டுத்தான் சாகும். அதனால் தடம் புதிதாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள்.

பேரிங்தான் இந்த விளையாட்டின் பலவீனமான கண்ணி. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய ஹப் (பேரிங் உட்காரும் சக்கர நடுக்குடம்) சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். நேராகக் கொண்டுபோய்க் குளிர்ந்த கடல் தண்ணீரில் இறக்கினால், அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். காலியான இடத்தை நிரப்ப, ரப்பர் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப்போகும், அப்புறம் துரு. ஹேஸ்டிங்ஸ் போகும் வழியில் ஒருமுறை கண்ணாடியில் புகை தெரிந்து நிறுத்தினேன். இடது சக்கரம் கையால் ஆட்டினாலே ஆடியது. அன்றிலிருந்து இரண்டு பழக்கம். துறைக்கு வந்ததும் கயிறு கட்டுவது, சாமான் எடுப்பது எல்லாம் முதலில். குறைந்தது கால் மணி நேரம் ஹப் ஆறிய பிறகே தண்ணீர். நிறுத்தும் இடத்திலெல்லாம் புறங்கையால் ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடு என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

வாங்கும்போது, ஸ்பிரிங்கால் கிரீஸை அழுத்தத்தில் வைத்திருக்கும் பேரிங் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் வைத்து, கிரீஸ் அடைத்த உதிரி ஹப் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வழியில் பேரிங் போனால், அதோடு ஒரு ஜாக்கி இருந்தால் அரை மணியில் கிளம்பிவிடலாம்.

படி 8: பால் வெயிட்டை அளந்து சரிசெய்யுங்கள்

பின்பக்கம் கனத்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் மீன் வால் போல ஆடும். ஆடத் தொடங்கிவிட்டால் கார் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகம் தானாகக் குறைய விடுவதுதான் வழி. அந்த நிலையே வராமல் இருக்க, மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு முன்கொக்கியில் இறங்க வேண்டும். படகு டிரெய்லரில் கொஞ்சம் குறைவாகவும் வைப்பார்கள். 7க்குக் கீழே போனால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

அளப்பதற்கு வீட்டிலுள்ள குளியலறை எடைக்கருவி போதும். அது 150 கிலோவோடு நின்றுவிடும் என்பதால் ஒரு சின்ன உபாயம். ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் நீளமான கனமான பலகை எடுங்கள். ஒரு முனைக்கு அடியில் செங்கல், மறுமுனைக்கு அடியில் எடைக்கருவி, இரண்டின் மேலும் பலகையின் கீழே குறுக்காக ஒரு குழாய்த் துண்டு. இரண்டு குழாய்க்கும் நடுவே 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். இப்போது பலகையால் கருவி காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், செங்கல் பக்கக் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, டிரெய்லர் கொக்கியை ஒரு கட்டை வைத்துப் பலகைமேல் இறக்குங்கள். டிரெய்லர் சமமட்டத்தில் நிற்க வேண்டும், சக்கரங்களுக்கு அண்டை கொடுத்திருக்க வேண்டும். கருவி காட்டுவதில் பலகையின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்குங்கள். 50 காட்டினால் பால் வெயிட் 150.

குறைவாக இருந்தால் வின்ச் தூணை முன்னால் நகர்த்திப் படகை முன்னே இழுங்கள். அப்போது பின்பலகைக்குக் கீழே தாங்கல் விட்டுப்போனால், படகை அங்கேயே விட்டுவிட்டு ஆக்ஸிலைப் பின்னால் நகர்த்த வேண்டும். இதனால்தான் ஆக்ஸில் போல்ட்டில் நகரும்படி உள்ள டிரெய்லர், வெல்டு வைத்து அசையாமல் பொருத்தியதைவிட நல்லது.

மற்றவை விரைவாக

வின்ச் மூன்று வேகம் உள்ளதாக இருக்கட்டும். கம்பி வடத்தைவிடப் பட்டையோ செயற்கை இழைக் கயிறோ கைக்குப் பாதுகாப்பு. வின்ச் கயிறு படகைக் கட்டிவைக்கும் கயிறு ஆகாது. மூக்கு வளையத்துக்குத் தனிச் சங்கிலி, பின்பலகையில் இருபுறமும் பட்டை, இரண்டும் கட்டாயம். விளக்கு, தண்ணீர் புகாத எல்இடி. ரோலர் டிரெய்லரில் சங்கிலியைத் தண்ணீர் வரும் முன்பே கழற்றினால் படகு கான்கிரீட்டில் உருண்டு விழும். இது ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவருக்கு நடக்கிறது.

பழையது வாங்குவதானால்

பகலில் போங்கள். ஸ்குருடிரைவர், டார்ச், ஜாக்கி எடுத்துப் போங்கள். சட்டத்தின் அடிப்பக்கத்தை ஸ்குருடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் உள்ளே துரு இருக்கும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் யு போல்ட்டுகளின் வளைவிலும்தான் துரு முதலில் தின்னும். வெல்டுமேல் புதிதாக வெள்ளிப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு சுழற்றி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வந்தால் பேரிங் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். துரு சட்டத்துக்குள் இருந்தால் கழித்தாலும் வேண்டாம்.

எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட டிரெய்லரின் வின் எண்ணை (வாகன அடையாள எண்) குறித்துக்கொண்டு, பிபிஎஸ்ஆர் என்னும் அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டித் தேடுங்கள். அதன்மேல் கடன் பாக்கி இருந்தாலும் திருட்டுப் புகார் இருந்தாலும் தெரிந்துவிடும். படகுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி எண் உண்டு, அவற்றையும் தேடுங்கள்.

வாங்கி வந்த பிறகு முதல் பயணத்தில் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் அவை தளர்வது வழக்கம். கடலிலிருந்து திரும்பிய அன்று இரவு எவ்வளவு அசதியானாலும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் அடித்து பிரேக், ஸ்பிரிங், குழாயின் உள்பக்கம் எல்லாம் கழுவிவிடுங்கள். மீனை அதற்கப்புறம் வெட்டிக்கொள்ளலாம், ஐஸில் கிடக்கட்டும்.